வியாழக்கிழமைச் சாவி

பழைய பாற்கட்டிச் சாலையின் பின்சுவரோரம்
பலகையில் அடித்த ஆறு பெட்டிகள்.
வியாழக்கிழமைகளில் சாவி என்னிடம்.

புழுக்கள் மேல் பிரியப்பட்டு
யாரும் இதைத் தொடங்கவில்லை.
ஓபர்லெங்கனில் குப்பைக்கு விலை உண்டு.
முப்பத்தைந்து லிட்டர்ப் பை ஒன்று
இரண்டு ஃபிராங்க் பத்து.
வாழைப்பழத் தோலை எறியவும் காசு கேட்கும் ஊரில்
கணக்குப் பார்க்கிறவர்கள்தான் முதலில் வந்தோம்,
பத்தொன்பது வீட்டார்,
ஆளுக்கொரு மூடி போட்ட வாளியோடு.

ஊர்ஸ் கெர்பர் ஐஸ்கிரீம் டப்பாவில்
அவற்றைக் கொண்டுவந்து
ஈர அட்டையின் மேல் கவிழ்த்தார்.
மழை விட்டதும் முற்றத்தில் நீளும்
தடித்த நாங்கூழ் அல்ல.
சிவப்பு நூல்கண்டு ஒன்று தானே அவிழ்ந்து
வெளிச்சத்துக்குக் கூசி உள்ளே போனது.
"இனி இவற்றுக்கும் சேர்த்துச் சமையுங்கள்" என்றார்.
சமைத்தது கூடாது, உப்புக் கூடாது,
எண்ணெய் கூடாது, புளிப்புப் பழம் கூடாது:
மூடியில் ஒட்டியிருந்ததை
எழுத்துக்கூட்டி வாசித்தவள் நான்.

பெப்ரவரியில் ஒரு காலை
மூன்றாம் பெட்டியைத் திறந்தேன்.
மூடியின் உட்புறம் முழுக்கப் புழு.
கூரையில் ஏறி நிற்கும் வெள்ளத்து ஊர் போல
ஒன்றின் மேல் ஒன்று,
கீழே இறங்க மறுத்து.

சாயங்காலம் எல்லோரும் கூடினார்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாமல் என் வாளியைப் பார்த்தார்கள்.
மிளகாய், மஞ்சள், இன்னும் பெயர் தெரியாத என்னவோ,
அவர்கள் நினைப்பது
தொப்பிகளுக்கு மேலே மூச்சு மூச்சாக எழுந்தது.
நானும் என் வாளியை
மனதுக்குள் கொட்டிக் கிளறினேன்:
தேயிலைச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு,
முற்றிப் பழுத்துப் பிளந்த ஒரு பாகற்காய்,
வெங்காயச் சருகு.
பிறகு, அடியில்,
போன வாரம் அவசரத்தில் போட்ட
பிழிந்த எலுமிச்சை மூடி இரண்டு.

கெர்பர் கையுறையைக் கழற்றினார்.
முழங்கை வரை உள்ளே விட்டார்.
வந்தது தோடம்பழத் தோல்.
மீண்டும் விட்டார், மீண்டும் தோடம்பழத் தோல்,
மூன்று வாளி நிறைய,
கசப்பும் வாசமுமாய்.

போன வாரம்தான்
எல்லோர் வாசலிலும் இருந்தது
ரிப்பன் கட்டிய மார்மலேட் போத்தல் ஒன்று.
எங்கள் வீட்டில் இன்னும் பாதி மிச்சம்.
ரோஸ்விதா சுர்பூகன்
சப்பாத்து நுனியால் பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
இந்த முறை எங்கும் பார்க்கவும் இல்லை.

என் இரண்டு மூடிகளைப் பற்றி
நானும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவள் முட்டையோடு கொண்டுவந்தாள்,
காயவைத்து, உருளைக்கட்டையால் மாவாக்கி,
ஒரு துணிப் பை நிறைய.
அவள் தூவினாள், நான் பத்திரிகை கிழித்தேன்:
வானிலை, மரண அறிவித்தல், பாதித் தேர்தல்.
நாலு நாள் கழித்து
ஒவ்வொன்றாய் இறங்கின,
கோபம் ஆறிய உறவினர் போல
இன்னும் கொஞ்சம் முறைப்போடு.

மே மாதம் சலித்தோம்.
பாற்கட்டி நிறுத்த பழைய தராசில்
வீட்டுக்குப் பதினோரு கிலோ.
கறுப்பு. கையில் பிடித்தால் பிடியாகி
விரித்தால் உதிர்ந்தது.
எது யார் வீட்டு இரவுச் சாப்பாடு என்று
முகர்ந்து பார்த்தும் தெரியவில்லை.
அடைமழைக் காட்டின் வாசம் மட்டும்.

ஜூன் கடைசியில், வாளியோடு போகிறேன்.
மேல்மாடி ஜன்னலிலிருந்து ரோஸ்விதா கூப்பிடுகிறாள்.
அவளுடைய ஜெரானியப் பெட்டியில்
விரல் விரித்த ஓர் இலை,
பற்றுக்கம்பி தேடி ஆடும் சுருள் ஒன்று.
"இது நான் நட்டதில்லை."

பார்த்ததும் தெரிந்துவிட்டது.
அங்கே கெர்பரின் கை வேண்டியிருக்கவில்லை.

"பிடுங்கவா?"
"வேண்டாம், கயிறு ஒன்று கட்டிவிடுங்கள்."
"காய்க்குமா? இனிக்குமா?"
"காய்க்கும்" என்றேன்.

கயிறு எடுக்க அவள் உள்ளே போனாள்.
நான் வாளியின் மூடியைத் திறந்து
அதிலிருந்த எலுமிச்சை மூடியைப் பொறுக்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.